ஓடாத மான்

நவம்பர் நமக்கு அடைமழை மாதம். நியூசிலாந்தின் தென்தீவில் அது வசந்தத்தின் கடைசி மாதம். ஒட்டாகோ பகுதியின் சரிவுகளில் புல் முழங்கால் வரை வளர்ந்து நிற்கும். மான் பண்ணைகளில் பிணைகள் ஈனத் தொடங்கும். இந்த நாட்களில் பண்ணைக்காரர் அவசியமில்லாமல் வேலிக்குள் இறங்குவதில்லை. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, தொலைநோக்கியை எடுத்து எண்ணிப் பார்க்கிறார். எழுபது பிணைகள் உள்ள அடைப்பில் அறுபத்தொன்பது மேய்ந்துகொண்டும் உலவிக்கொண்டும் இருக்கின்றன. ஒன்று வேலி மூலையில் படுத்திருக்கிறது. காலையிலும் அது அங்கேதான் படுத்திருந்தது.

அவர் இறங்கி வேலியோரமாக நடக்கிறார். மற்ற மான்கள் தலையைத் தூக்கி, காதுகளை முன்னே குவித்து, ஒன்றன்பின் ஒன்றாக மேட்டை நோக்கி விலகுகின்றன. மூலையில் இருப்பது ஒரு காதை மட்டும் திருப்புகிறது. ஐம்பது அடி, முப்பது அடி, இருபது அடி. அது எழவில்லை.

பசு வளர்ப்பவருக்கு இதில் பதற ஒன்றுமில்லை. ஈன்ற பசு நம்மைக் கண்டு எழாவிட்டால் தட்டி எழுப்புவோம். மான் வளர்ப்பவருக்கோ அந்த நொடியில் வயிறு கலங்கும். ஆளைக் கண்டு ஓடாத பிணை, பெரும்பாலும் ஓட முடியாத பிணை.

ஈன்ற பிறகு நோயில் விழுந்த மானின் உடம்புக்குள் என்ன நடக்கிறது, அதை எப்படிப் பிழைக்க வைப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பிழைக்க வைப்பதில் மருந்துக்குப் பாதிப் பங்குதான் என்பது என் எண்ணம். மீதிப் பாதி, அந்த விலங்கின் அச்சத்தைக் கையாள்வது. மானுக்கு அச்சமும் ஒரு நோய். இதை உவமையாகச் சொல்லவில்லை. இரத்தத்திலும் தசையிலும் சிறுநீரகத்திலும் தடம் விட்டுப்போகும், உயிரையும் எடுக்கும் நோய் அது.

நம் மொழியில் பெண்மானுக்குப் பிணை என்றும் அதன் குட்டிக்கு மறி என்றும் பெயர்கள் உண்டு. தொல்காப்பியத்தின் மரபியலே விலங்குகளின் ஆண், பெண், இளமைப் பெயர்களைத் தனித்தனியே வகுத்துச் சொல்கிறது. இந்த அத்தியாயத்தின் நாயகி ஐரோப்பியச் செம்மான் இனத்துப் பிணை. புள்ளிமானைவிட மிகப் பெரியது. பண்ணையில் வளர்ந்த பிணை நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். கன்று என்று சொல்லும்படியான குட்டி, பிறக்கும்போதே எட்டுப் பத்துக் கிலோ எடையுடன் வரும்.

இந்த விலங்கு நியூசிலாந்து மண்ணுக்கு உரியதல்ல. அங்கே இயற்கையாக இருந்த நிலவாழ் பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே. வேட்டையில் நாட்டம் கொண்ட பிரிட்டிஷ் குடியேறிகள் 1851 தொடங்கிச் செம்மான்களைக் கப்பலில் கொண்டுவந்து காடுகளில் விட்டார்கள். தின்ன ஓநாய் இல்லாத நாட்டில் அவை பெருகி மலைக்காடுகளை மொட்டையடித்தன. 1930-களில் அரசே ஆள் அமர்த்தி அவற்றைச் சுட்டுத் தள்ளியது. 1960-களில் டிம் வாலிஸ் போன்றவர்கள் ஹெலிகாப்டரில் பறந்து மான்களைச் சுட்டு இறைச்சியாக ஏற்றுமதி செய்தார்கள். சுட்டு எடுப்பதைவிட வளர்த்து எடுப்பது மேல் என்ற எண்ணம் அதன் பின்னரே வந்தது. 1969இல் மான் வளர்ப்பு சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. முதல் உரிமம் 1970இல் டௌப்போ ஏரிப் பகுதியில் உள்ள ரஹானா பண்ணைக்குக் கிடைத்தது. டனீடன் நகருக்கு அருகே இன்வர்மே ஆராய்ச்சி நிலையத்தில் 1973இல் கென் ட்ரூ என்ற விஞ்ஞானி மான்களைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அதே ஆண்டுகளில் ஸ்காட்லாந்திலும் இதே முயற்சி நடந்தது. அங்கே கால்நடை மருத்துவர் ஜான் ஃபிளெட்சர் தாமே ஒரு மான் பண்ணை வைத்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாடு மனிதனோடு வாழத் தொடங்கி ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. முரட்டு மாட்டைக் கழித்து, சாதுவான மாட்டை வைத்து, ஆயிரக்கணக்கான தலைமுறைகளாக அதன் அச்சத்தை வடிகட்டிவிட்டோம். செம்மானுக்கு அப்படி ஒரு வடிகட்டல் நடக்க அரை நூற்றாண்டுதான் கிடைத்திருக்கிறது. அதன் காதில் எண் எழுதிய வில்லை தொங்குகிறது. உள்ளே துடிப்பது காட்டு விலங்கின் இதயம்.

ஓநாயே இல்லாத நாட்டில் பல தலைமுறைகளாக வாழ்ந்த பிறகும் மான் தன் நோயை மறைக்கிறது. மந்தையில் நொண்டுவதும் பின்தங்குவதும் தலை தொங்குவதும் வேட்டை விலங்குக்கு அழைப்பு. அதை வெளியே காட்டிய மான்கள் குட்டிகளை விட்டுச்செல்லாமல் மடிந்தன. காட்டாதவற்றின் வழித்தோன்றல்களே இன்று மேய்கின்றன. அதனால் பண்ணைக்காரர் கண்ணில் நோய் தெரியும்போது அது தொடக்கமாக இருப்பது அரிது. பிணை நேற்றே காய்ச்சலில் இருந்திருக்கும். முந்தாநாள் கருப்பையில் கிருமி பெருகத் தொடங்கியிருக்கும். ஓட்டத்தையும் மிரட்சியையும் கடைசி வலு இருக்கும்வரை காட்டிவிட்டு, அது தீர்ந்த பிறகே படுக்கிறது.

நோயைப் புரிந்துகொள்ள, கோளாறு இல்லாத ஈற்றை முதலில் பார்த்துவிடுவோம். செம்மானின் சினைக்காலம் ஏறக்குறைய 233 நாட்கள். ஈனும் நாள் நெருங்கும்போது பிணை மந்தையை விட்டு விலகும். காட்டில் என்றால் மைல் கணக்கில் தள்ளிப் போயிருக்கும். பண்ணையில் வேலி தடுப்பதால், வேலியோரமாகவே மேலும் கீழும் நடந்து தீர்க்கும். அந்த நடையில் புல் தேய்ந்து தடம் விழுந்துவிடும். பனிக்குடம் உடைந்த பிறகு இரண்டு முன்னங்கால்களும் அவற்றின்மேல் மூக்கும் தெரிய வேண்டும். பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் கன்று தரையில் இருக்கும். தாய் அதை நக்கி உலர்த்தும். சிறிது நேரத்தில் நஞ்சுக்கொடி விழும்.

நம் ஊரில் பசுவின் நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்திலோ வேறு பால்மரத்திலோ கட்டித் தொங்கவிடுவார்கள். பிணை அதை அங்கேயே தின்றுவிடுகிறது. இரத்த வாடை காற்றில் பரவினால் எதிரி வரும். அதே காரணத்துக்காகக் கன்றின் மூத்திரத்தையும் சாணத்தையும் நக்கித் துடைத்துவிடும். முதல் இரண்டு வாரங்கள் கன்று தாயின் பின்னால் ஓடாது. உயரப் புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும். ஆபத்து நெருங்கினால் அதன் இதயத்துடிப்பு கூடாமல் குறைகிறது, மூச்சும் அடங்குகிறது. தாய் வெகு தூரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும்; பால் கொடுக்க மட்டும் வந்து போகும். தமிழ்நாட்டுக் காட்டோரங்களிலும் புள்ளிமான் குட்டி ஒன்று தனியே படுத்திருக்கக் கண்டு, அநாதை என்று எண்ணித் தூக்கிவந்துவிடுகிறார்கள். இரக்கத்தால் செய்கிற பெரும் பிழை இது. தாய் அதை விட்டுப் போகவில்லை, ஒளித்துவைத்திருக்கிறது. அந்தக் குட்டியைத் தொடாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

இந்த ஈற்றை நடத்துவதில் பெரும் பங்கு ஆக்சிடோசின் என்ற ஹார்மோனுக்கு. கருப்பையைச் சுருக்கிக் கன்றை வெளியே தள்ளுவது அது. நஞ்சுக்கொடியைத் தள்ளுவதற்கும் துணை நிற்பது அது. மடியில் கட்டிய பாலைக் காம்புக்கு இறக்குவதும் அதுவே. இதற்கு நேர் எதிரி அட்ரினலின். மிரண்ட உடம்பில் அட்ரினலின் ஏறினால் வலி நின்றுபோகும், பால் இறங்காது. காட்டில் இது உயிர் காக்கும் ஏற்பாடு, பாதி ஈற்றில் ஓநாய் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு ஓடலாம். பண்ணையிலோ, கவலையோடு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் மனிதரே அந்த ஓநாயாகிவிடுகிறார். ஈற்றுக்காலத்தில் மான் பண்ணையில் தொலைநோக்கி மிக முக்கியமான கருவியாக இருப்பது இதனால்தான்.

ஈற்றைவிடப் பாலூட்டுவதே தாயின் உடம்பை அதிகம் வாட்டுகிறது. ஸ்காட்லாந்தின் மேற்கே ரம் தீவில் டிம் கிளட்டன்-பிராக்கும் பியோனா கின்னஸும் அவர்களது குழுவினரும் செம்மான்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, எது எப்போது ஈன்றது, எது எப்போது செத்தது என்று பல ஆண்டுகள் குறித்துவந்தார்கள். அந்தக் கணக்கு 1989இல் ஒரு தெளிவான விடையைத் தந்தது. சினையைச் சுமந்து ஈன்று உடனே கன்றை இழந்த பிணைகளுக்கு அடுத்த ஆண்டில் பெரிய பாதிப்பு இல்லை. கோடை முழுவதும் கன்றுக்குப் பால் கொடுத்த பிணைகளோ அடுத்த குளிர்காலத்தில் சாவதும் கூடியது, அடுத்த பருவத்தில் ஈனாமல் போவதும் கூடியது. மான்பாலின் கெட்டித்தன்மையைப் பார்த்தால் இது வியப்பாக இராது. பசும்பாலில் உள்ளதைப்போல் இரு மடங்குக்கும் மேல் கொழுப்பும், ஏறக்குறைய இரு மடங்கு புரதமும் அதில் உண்டு. எட்டுக் கிலோவில் பிறந்த கன்று மூன்று மாதத்தில் நாற்பது கிலோவைத் தாண்டுவது இந்தப் பாலால். அதைச் சுரக்கத் தாய்க்கு வழக்கமான தீனியைப்போல் இரு மடங்கு வேண்டும். நோயில் விழுந்த பிணையோ தின்பதை நிறுத்திவிடுகிறது. வரவு நின்று செலவு மட்டும் ஓடும் வீடுபோல அதன் உடம்பு ஆகிறது.

மூலையில் கிடக்கும் அந்தப் பிணைக்கு என்ன நோயாக இருக்கலாம்?

ஈற்றே கடினமாகி அதன் விளைவால் விழுந்திருக்கலாம். கடினமான ஈற்றின் பழைய காரணங்களில் ஒன்று கொழுப்பு. குளிர்காலத்தில் தீனி மிகுந்து, நடமாட்டம் குறைந்து, இடுப்பெலும்புக்குள் கொழுப்பு சேர்ந்த பிணைக்குக் கன்று வெளியே வர வழி குறுகிவிடும். இன்னொன்று, பெரிய கன்று வேண்டும் என்ற மனித ஆசை. வட அமெரிக்காவின் வாபிட்டி மான் செம்மானைவிட மிகப் பெரியது. அதன் கடாவைச் சிறிய செம்மான் பிணையோடு சேர்த்தால், இறைச்சிக்கு நல்ல கன்று கிடைக்கும் என்பது உண்மை. வாபிட்டியின் சினைக்காலம் இரண்டு வாரம் கூடுதல். கலப்புக் கன்றும் வயிற்றில் சில நாட்கள் அதிகம் இருந்து, பெருத்து வரும். அதைத் தாங்க முடியாத பிணையைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் துன்பத்துக்குப் பொறுப்பு நம்முடையது. இங்கே மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

நெடுநேரம் முக்கிய ஈற்றில், கன்றின் தலையும் தோளும் இடுப்புக்குள் அழுத்தி, பின்னங்கால்களுக்குப் போகும் நரம்புகளை நசுக்கிவிடும். பிணைக்குக் காய்ச்சல் இருக்காது, கண் தெளிவாக இருக்கும், தீனி வைத்தால் தின்னும், எழ மட்டும் முடியாது. எழ முயன்றால் பின்னங்கால்கள் இரு பக்கமும் விரிந்து சறுக்கும். நசுங்கிய நரம்பு பல நாட்களில் மீளக்கூடியது. ஆனால் அதுவரை ஒரே பக்கம் படுத்தால், தன் எடையாலேயே தொடைத் தசைக்கு இரத்தம் தடைபட்டு, சில மணி நேரத்தில் அந்தத் தசை செத்துவிடும்.

இன்னொரு வாய்ப்பு கருப்பை அழற்சி. நஞ்சுக்கொடி முழுதாக விழாமல் உள்ளே தங்கினாலோ, இறந்த கன்றின் பகுதி உள்ளே இருந்தாலோ, ஈற்றின்போது கிழிசல் ஏற்பட்டாலோ கிருமிகள் நுழைந்து பெருகும். நஞ்சுக்கொடி தங்குவதில் மான் பசுவைவிடப் பேறு பெற்றது. பசுவின் நஞ்சுக்கொடி கருப்பையோடு எழுபது முதல் நூற்றிருபது பொத்தான்கள் போட்டதுபோல் ஒட்டியிருக்கிறது. செம்மானுக்குப் பத்து அளவில்தான். எளிதாகக் கழன்றுவிடும். கழலாதபோது, வால் அடியில் நாறும் செங்கபிலநிற நீர், சுருண்ட முதுகு, உள்வாங்கிய கண், வறண்ட மூக்கு. கிருமியின் நஞ்சு இரத்தத்தில் கலந்துவிட்டால் மணிக்கணக்கில் நிலைமை மோசமாகும்.

கறவைப் பசுக்களை ஈன்ற உடனே சாய்க்கிற பால் காய்ச்சல், அதாவது இரத்தத்தில் கால்சியம் இறங்கிப்போவது, மானில் அரிது. அரிது என்பதால் மருத்துவர் அதை மறந்துவிடுவதில்லை. கால்சியம் ஏற்றினால் சற்று நேரத்தில் எழுந்துவிடும் ஒரு விலங்கை வேறு நோய் என்று கைவிடுவது கொடுமை. மடிவீக்கமும் கருப்பை வெளியே தள்ளிவிடுவதும் அவ்வப்போது உண்டு. பக்கத்து வயலில் செம்மறி ஆடுகள் இருந்தால் இன்னொரு பயமும் உண்டு. ஆட்டுக்கு ஒரு கெடுதலும் செய்யாமல் அதன் உடம்பில் குடியிருக்கும் ஒரு ஹெர்பிஸ் வைரஸ், மானுக்குத் தாவினால் கொடிய சளிக்காய்ச்சலை உண்டாக்கும். உடம்பு தளர்ந்த வேளையில் அது தலைதூக்கும். அதற்கு மருந்து இல்லை. பெரும்பாலும் சாவுதான்.

நோயைக் கண்டுபிடிக்க முதலில் காய்ச்சல் பார்க்க வேண்டும். இங்கேதான் மான் மருத்துவத்தின் முதல் பொறி இருக்கிறது. அமைதியான செம்மானின் உடல் வெப்பம் 38 முதல் 39.5 டிகிரி செல்சியஸ். துரத்திப் பிடித்த மானில் அது 41-ஐத் தாண்டிவிடும். அப்படியானால் வெப்பமானி காட்டும் 41, கருப்பைக் கிருமியால் வந்ததா, நம்மால் வந்ததா? பிடித்த விதமே நோயின் அடையாளத்தை அழித்துவிடுகிறது.

அது மட்டுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். துரத்தல் அதைவிடக் கெட்டதைச் செய்கிறது. 1970-களில் காட்டு மான்களை உயிரோடு பிடித்துப் பண்ணைகளை நிரப்பிய காலத்தில், ஹெலிகாப்டரிலிருந்து மானின் மேலேயே குதித்தவர்களும் வலைத்துப்பாக்கியால் மடக்கியவர்களும் ஒன்றைக் கண்டார்கள். காயம் ஏதும் இல்லாமல் வந்துசேர்ந்த மான்கள் மறுநாளோ அடுத்த வாரமோ செத்தன. கால்நடை மருத்துவத்தில் இதைப் பிடிப்புத் தசைச்சிதைவு என்று சொல்லலாம். உயிருக்கு ஓடும் மானின் தசை, கிடைக்கும் ஆக்சிஜனைத் தாண்டி வேலை செய்கிறது. லாக்டிக் அமிலம் தேங்கி இரத்தம் புளிக்கிறது, உடல் கொதிக்கிறது, தசைச் செல்கள் உடைகின்றன. உடைந்த செல்களிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் இதயத்தின் தாளத்தைக் குலைக்கும். தசையின் சிவப்பு நிறமியான மையோகுளோபின் சிறுநீரகத்தில் போய் அடைக்கும். சிறுநீர் காப்பி நிறத்தில் இறங்கினால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஓடத் தேவையே இல்லை. கட்டிப்போட்டபடி மிரண்டு திமிறினாலும் இதே கதைதான். ஏற்கெனவே காய்ச்சலிலும் நீர் வற்றியும் இருக்கும் பிணைக்கு இது வரும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

ஆகவே வேலியோரம் நிற்கும் பண்ணைக்காரர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, எந்த ஊசி என்பதன்று. உள்ளே போவதா, வேண்டாமா? போனால் அது எழுந்து ஓடித் தடுமாறுமா? ஓடும் வலு இன்னும் இருந்தால், பாதி மந்தையோடு சேர்த்து மெல்ல நடத்திக் கொட்டிலுக்குக் கொண்டுபோவதே நல்லது. தனியே பிரித்த மான் மிரளும். துணையோடு இருக்கும் மான் நடக்கும். நடத்துபவர் கத்தக் கூடாது, நாய் கூடாது. மான் கொட்டில் மாட்டுத் தொழுவம்போல் இருக்காது. சுவர்கள் ஆள் உயரத்துக்கும் மேலே, இடுக்கு இல்லாத பலகையால் அடைத்திருக்கும். உள்ளே ஏறத்தாழ இருட்டு. வெளிச்சமும் இடைவெளியும் தெரிந்தால் மான் அதை நோக்கிப் பாயும், இருட்டில் நின்றுவிடும். மான் வளர்ப்பில் மனிதர் கண்டுபிடித்த மிகச் சிறந்த மருந்து இந்த இருட்டுதான் என்பேன். அதற்குச் செலவில்லை, பக்க விளைவு இல்லை.

நம் பிணை எழவில்லை. அதனால் வேலை அது கிடக்கும் இடத்திலேயே நடக்க வேண்டும். மருத்துவர் பின்புறமாக, குனிந்து, பேசாமல் வருகிறார். முதல் காரியம், ஒரு துணியால் கண்ணைக் கட்டுவது. காதில் பஞ்சு வைப்பதும் உண்டு. கண் மறைந்த சில நொடிகளில் மூச்சின் வேகம் குறைவது தெரியும். திமிறும் மானுக்குச் சைலசீன் என்ற மயக்க மருந்து போடுவார்கள். மான் மருத்துவத்தில் இது பெரும் உதவி. வேலை முடிந்ததும் யோஹிம்பைன் என்ற மாற்றுமருந்தைக் கொடுத்தால் விழித்துக்கொள்ளும். மேற்கு ஆப்பிரிக்க மரம் ஒன்றின் பட்டையிலிருந்து அறியப்பட்ட பொருள் அது. நலிந்த பிணைக்குச் சைலசீனிலும் இடர் உண்டு. மயக்கத்தில் அசைபோடும் வயிறு இயக்கம் இழக்கும். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் வாயு வெளியேறாமல் வயிறு உப்பி, நுரையீரலை நெருக்கும். இரைப்பை நீர் தொண்டைக்கு வந்து மூச்சுக்குழலில் இறங்கும். எனவே மயக்கம் தெளியும் வரை ஒருவர் மானை நெஞ்சு ஊன்றிய நிலையில் தாங்கிப் பிடித்து, கழுத்தை உயர்த்தி, மூக்கைத் தாழ்த்தி வைத்திருக்க வேண்டும்.

இந்தச் சில நிமிடங்களில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். உள்ளே இன்னொரு கன்று சிக்கியிருக்கிறதா என்று உறையணிந்த கையால் பார்ப்பது. மடியைத் தொட்டுப் பார்ப்பது: சூடா, கட்டியா, பால் குடித்த தடம் இருக்கிறதா? நீர் வற்றியிருந்தால் இரத்தக்குழாயிலோ வயிற்றுக்குழாய் வழியாகவோ நீர் ஏற்றுவது. கால்சியம், வலியையும் காய்ச்சலையும் தணிக்கும் மருந்து, நுண்ணுயிர்க்கொல்லி. மாட்டுக்குத் தினம் ஒரு ஊசி என்று ஐந்து நாள் போடுவோம். மானுக்கு ஒவ்வொரு நாள் ஊசியும் ஒவ்வொரு நாள் பிடிப்பு. அதனால் இரண்டு மூன்று நாள் இரத்தத்தில் நின்று வேலை செய்யும் நீடித்த ஊசியையே மருத்துவர் நாடுகிறார். மருந்தின் வீரியம், கிருமியின் வகை என்பவற்றோடு, எத்தனை முறை தொட வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வைத்து மருந்து தேர்ந்தெடுக்கும் மருத்துவம் இது.

பிறகு மருந்துப் பெட்டியில் இல்லாத வேலைகள். இரு புறமும் வைக்கோல் கட்டுகளை அண்டைகொடுத்து நெஞ்சு ஊன்றிப் படுக்க வைப்பது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவது. அடியில் தடித்த, உலர்ந்த வைக்கோல். தெற்கேயிருந்து வரும் குளிர்காற்றைத் தடுக்க ஒரு மறைப்பு, நண்பகல் வெயிலுக்கு நிழல். வாய்க்கு எட்டும் தூரத்தில் தண்ணீர், பசும்புல், இளந்தழை. மற்ற மான்கள் கண்ணுக்குத் தெரியும்படியாக இருக்க வேண்டும். மந்தை கண்ணில் பட்டால் பிணை அமைதியாகும். இவ்வளவையும் செய்துவிட்டு, விலகிப் போய்விட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுப்பது நமக்கு ஆறுதல். அந்தத் தடவலை மான் வேட்டை விலங்கின் பிடியாகவே உணர்கிறது. அது அசையாமல் கிடப்பதை அமைதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி கன்று. அது எங்கேயோ புல்லுக்குள் கிடக்கிறது. மானின் நஞ்சுக்கொடி தாயின் நோயெதிர்ப்புப் பொருளைக் கருவுக்குக் கடத்துவதில்லை. அத்தனையும் சீம்பாலில்தான் வர வேண்டும். கன்றின் குடல் அந்தப் பொருளை முழுதாக உள்ளே விடுவது முதல் ஒரு நாள் மட்டும். அதிலும் முதல் ஆறு மணி நேரமே சிறந்தது. தாய் படுத்த படுக்கையானாலும் மடியில் பால் இருந்து, அழற்சி இல்லாவிட்டால், கன்றைத் தேடியெடுத்துத் தாயின் மூக்கருகே விடுவதே முதல் வழி. கன்றின் வாடை தாயின் மனத்தையும் நிலைப்படுத்தும். உறிஞ்சும் வாய், ஆக்சிடோசினைச் சுரக்கச் செய்து கருப்பையையும் சுருக்கும். தாயே முடியாத நிலையில், உறையவைத்த பசுவின் சீம்பாலோ ஆட்டின் சீம்பாலோ உயிர் காக்கும். எட்டுக் கிலோக் கன்றுக்கு முதல் நாளில் முக்கால் லிட்டருக்குக் குறையாமல், சிறிது சிறிதாக. அதன் பிறகு செம்மறிக் குட்டிகளுக்கான கெட்டிப் பால்மாவு பொருந்தும்; பசும்பால் நீர்த்தது. ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் வெந்நீரில் நனைத்த துணியால் வாலடியைத் துடைத்துவிட வேண்டும். தாயின் நாக்கு செய்யும் வேலை அது. அது இல்லாவிட்டால் கன்று மலசலம் கழிக்காது.

கையில் வளர்ந்தது ஆண்கன்று என்றால் பண்ணைக்காரர் ஒன்றை மறக்கக் கூடாது. மனிதரிடம் அச்சம் இழந்த கடா, இரண்டு மூன்று வயதில் கொம்பு கடினமாகி இணைசேரும் பருவம் வரும்போது, தனக்குப் பாலூட்டியவரையே போட்டிக் கடாவாகக் கருதிக் குத்தும். இதனால் உயிர் போனவர்கள் உண்டு. அச்சமுள்ள கடா விலகிப் போகும்.

எல்லாப் பிணைகளும் பிழைப்பதில்லை. இரண்டு மூன்று நாள் கவனித்தும் எழாமல், தின்னாமல், சிறுநீர் கறுத்து, கண் மங்கிப் போனால், துப்பாக்கியால் ஒரே நொடியில் முடித்துவைப்பதும் பராமரிப்பின் பகுதிதான். தள்ளிப்போடும் ஒவ்வொரு மணியும் அதன் வேதனை. தாங்க மாட்டாமல் முடிவைத் தள்ளிப்போடுகிறவர் தம் மனத்தைக் காக்கிறார். அங்கே காக்க வேண்டியது மானை.

நம் பிணை அதிர்ஷ்டசாலி என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் நாள் காலை வைக்கோலில் புழுக்கை கிடக்கிறது, குடல் வேலை செய்கிறது. மாலையில் தாடை அசைகிறது, அசைபோடுகிறது. மூன்றாம் நாள் முன்னங்கால் ஊன்றி எழ முயன்று விழுகிறது. நான்காம் நாள் பண்ணைக்காரர் வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தி, தொலைநோக்கியை எடுக்கும்போது வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே ஒன்றுமில்லை. தேடினால், மேட்டடியில் உயரப் புல்லுக்கு அருகே நிற்கிறது; காலடியில் ஒரு சிறிய தலை. அவர் இறங்கி நடக்கிறார். ஐம்பது அடிக்கு முன்பே அது தலையைத் தூக்கி, காதைக் குவித்து, சற்றே இழுத்த காலோடு விலகி ஓடுகிறது. அவர் நின்றுவிடுகிறார்.

காதுவில்லை எண்ணைப் பதிவேட்டில் எழுதி, மருந்து உடம்பைவிட்டு நீங்கும் நாள்வரை இறைச்சிக்கு அனுப்பக் கூடாது என்று குறிக்கிறார். பண்ணையிலேயே நல்ல புல் உள்ள அடைப்பை, சில பிணைகளின் துணையோடு, அதற்கு ஒதுக்குகிறார். இணைசேரும் பருவம் ஏப்ரலில் வருகிறது. அதற்குள் இழந்த சதையை, கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டே, அது மீட்டாக வேண்டும். மீட்காத பிணை அந்த ஆண்டு சினைப்படுவதில்லை.